தரிசு கிடக்கும் அலைக்கற்றை

சென்னை நகரசபை ஒரு காலத்தில் வானொலி நிலையம் நடத்தி வந்தது என்று சொன்னால் இன்றைய வாசகர்களில் பலருக்கு அது வியப்பாயிருக்கும். 1924-ம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அவரையொத்த ஆர்வலர் சிலரும் கூடிச் சென்னை மாகாண ரேடியோ கிளப் என்றொரு சங்கத்தை நிறுவி, சிறியதோர் ஒலிபரப்பியைக் கொண்டு சங்கீதமும் சொற்பொழிவும் வானில் அனுப்பி வந்தார்கள்; 1927-ல் கைப்பொருள் தீர்ந்துபோகவே கருவியை நகரசபையிடம் ஒப்புவித்துவிட்டு ஒதுங்கினார்கள். நகரசபையோ அதனைக் கிடங்கில் போட்டுப் பூட்டிவிடாமல், 1930-ல் தானே ஒலிபரப்பைத் தொடங்கி, 1938-ல் அகில இந்திய வானொலி சென்னையில் நிலையம் திறக்கும் வரையில் அப்பணியை நடத்தி வந்தது. தந்தி என்னும் வித்தை முழுவதும் தனக்கே உரியது என்று 1885-ம் ஆண்டுச் சட்டத்தில் எழுதி வைத்துக்கொண்ட அந்நிய சர்க்கார், பிரஜைகள் பேசும் பேச்சையெல்லாம் சந்தேகத்தோடு செவிமடுத்த அந்தச் சர்க்கார், ஓர் உள்ளாட்சி மன்றம் வானலைகளில் ஓர் இடத்தைப் பெற்றுத் தன் ஊராரோடு பேசுவதற்கு இடம் கொடுத்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்க விஷயம்.

இன்று நமது குடியரசில், ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியம், அல்லது அந்த மலையடிவாரத்தில் நெடுங்காலமாகக் கேபிள் இழுத்து வீடுதோறும் தொலைக்காட்சி கொடுத்துவரும் ஒருவர், “எங்கள் மலையில் எந்தக் கம்பெனியும் கையாளாமல் விட்டிருக்கும் அலைக்கற்றையில் பத்து மெகாஹெர்ட்ஸை எங்களுக்குத் தாருங்கள், உரிய கட்டணம் செலுத்துகிறோம், இங்குள்ள குக்கிராமங்களுக்கு இணையம் கொடுத்துக்கொள்கிறோம்” என்று கேட்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நமது ஏலக் கூடத்தில் நாற்காலி இல்லை. அவர் ஏழை என்பதோ, தொழில் அறியாதவர் என்பதோ இதற்குக் காரணம் அன்று. அவர் கேட்கும் அளவில் அங்கே சரக்கே விற்கப்படுவதில்லை என்பதுதான் காரணம்.

கைப்பேசிக்குரிய அலைக்கற்றை நம் நாட்டில் வட்டக் கணக்கில் விற்கப்படுகிறது. தேசம் முழுவதும் இருபத்திரண்டு வட்டங்கள். அவற்றுள் சென்னையும் புதுச்சேரியும் உள்ளடங்கலாகத் தமிழ்நாடு ஒரே வட்டம். ஏலத்தில் வெல்லும் நிறுவனம் அண்ணா சாலைக்கும் ஆனைமலைக்கும், பாரிமுனைக்கும் பர்கூர் மலைக்கும் சேர்த்தே விலை கொடுத்து, இருபது ஆண்டுகளுக்கு அனுபவ பாத்தியதை பெறுகிறது. கொடுத்த விலையைச் சென்னையிலும் கோவையிலும் திருப்பூரிலும் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் பார்த்தே அது விலை கேட்கிறது. பர்கூர் மலை அந்தக் கணக்கில் வரவாகவும் இல்லை, செலவாகவும் இல்லை. சேவையைப் பரப்பவேண்டும் என்ற நிபந்தனை ஏலப் பத்திரங்களில் உண்டு என்பது மெய்யே. ஆனால் அந்நிபந்தனைகள் பெரும்பாலும் நகரங்களையும் ஒன்றியத் தலைமையிடங்களையும் எண்ணுகின்றனவேயன்றி, தலைமையிடத்துக்கு அப்பால் காட்டுப் பாதையில் இரண்டு மேடு ஏறி இறங்கினால் வரும் பதினைந்து வீட்டு ஊரை எண்ணுவதில்லை. ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் சிக்னல் கிடைத்துவிட்டால், காகிதத்தில் அந்த ஒன்றியம் முழுவதுமே கரையேறிவிடுகிறது.

நிலத்தில் இத்தகைய ஏற்பாடு ஒன்றை நாம் முன்பே அனுபவித்திருக்கிறோம். 1802-ல் கிழக்கிந்தியக் கும்பெனியார் சென்னை மாகாணத்தில் புகுத்திய ஜமீன் முறையில், பேஷ்குஷ் என்னும் குறித்த வரித் தொகையைச் செலுத்துபவருக்கு, உழுத நிலமும் உழாத நிலமும் ஒருசேர உடைமையாயின. தரிசைத் திருத்திப் பயிரிட விரும்பிய குடியானவன் ஜமீன் கச்சேரியின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1948-ல் சட்டம் இயற்றி அம்முறையை ஒழித்தோம். அலைக்கற்றையை இருபத்திரண்டு ஜமீன்களாகப் பிரித்துக் கொடுத்திருக்கும் இன்றைய ஏற்பாடு அதனினும் ஒரு வகையில் கேடு மிகுந்தது என்பேன். உழாமல் விட்ட நிலம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். இவ்வாண்டு ஓய்ந்திருந்ததனால் அதன் சாரம் சற்றே கூடினும் கூடும். உபயோகிக்காமல் விட்ட அலையோ அந்தக் கணமே போயிற்று. அதைச் சேமித்து வைக்கவும் இயலாது. எடுத்து ஆண்டதனால் அது குறைவதும் இல்லை. உலகத்தில் மனிதன் கையாளும் பொருள்களில், சும்மா வைத்திருப்பதனால் யாருக்கும் ஒரு காசும் மிச்சமாகாத பொருள் இதைப்போல் வேறொன்று இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

அலைகளின் இயல்பைப் பற்றி இங்கே சிறிது சொல்லுதல் அவசியம். அலையின் அதிர்வெண் குறையக் குறைய அது நெடுந்தூரம் செல்லும்; மரம் செடிகளை ஊடுருவும்; மேடு பள்ளங்களில் ஓரளவு வளைந்து கொடுக்கும். அதிர்வெண் உயர உயர, சுமக்கும் பாரம் பெருகும். ஆனால் தூரம் சுருங்கும், இலை தழைகளும் அதற்குச் சுவராகிவிடும். ஆகவே நெருக்கமாய் மக்கள் வாழும் நகரத்துக்கு உயர்ந்த அதிர்வெண்ணும், சிதறி வாழும் கிராமத்துக்குத் தாழ்ந்த அதிர்வெண்ணும் இயற்கையே வகுத்துக் கொடுத்த பங்கு போல அமைந்திருக்கின்றன. 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை அவ்விதம் கிராமத்துக்கென்றே வாய்த்த ஒன்று. ஒரே கோபுரத்தைக் கொண்டு பல ஊர்களை எட்டலாம். அந்தப் பட்டைக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். 2016-ம் ஆண்டு ஏலத்தில், நாடு முழுவதற்குமாக ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் என்று அடிப்படை விலை வைத்தார்கள்; கேட்க ஒருவரும் முன்வரவில்லை. 2021-ல் விலையைக் குறைத்து மறுபடியும் வைத்தார்கள். அப்போதும் அதே கதை. 2022-ல், முதலில் வைத்த விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கிய பிறகுதான் ஜியோ நிறுவனம் பத்து மெகாஹெர்ட்ஸ் வாங்கியது. இடைப்பட்ட காலத்தில் ரயில்வேக்கு ஐந்து மெகாஹெர்ட்ஸ் ஏலமின்றியே ஒதுக்கப்பட்டது. அதுவொன்றே அப்பட்டை கண்ட நற்கதி. மற்றபடி, கிராமத்துக்கு மிகவும் ஏற்ற அலைகள் கிட்டத்தட்ட ஆறு ஆண்டுக் காலம் விலைச் சீட்டுத் தொங்கவிடப்பட்டு யாருக்கும் பயனின்றிக் கிடந்தன. அந்த ஆறு ஆண்டுகளுக்குள்ளேதான் கொரோனாக் காலமும் வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, பாடம் கைப்பேசிக்குள் புகுந்து, சிக்னல் தேடிப் பிள்ளைகள் பாறைமேலும் மரத்தின்மேலும் ஏறியதைப் பத்திரிகைகளில் படம் பிடித்துப் போட்டார்கள்.

உரிமம் வேண்டாத அலைகள் இருக்கின்றனவே, அவற்றைக் கொண்டு கிராமத்தார் தம் காரியத்தைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான், அதற்குரிய விடையும் பெரும்பாலும் நம் நாட்டிலேயே கிடைக்கிறது. 2005-ம் ஆண்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிமத் தளை நீக்கப்பட்டது. நம் வீடுகளில் உள்ள வைஃபை பேசும் பட்டைகளில் அதுவும் ஒன்று. அந்தச் சாமானிய வைஃபையைக் கொண்டே, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்து தேனி வட்டாரத்தில் செய்த காரியம் விசேஷமாய்க் குறிப்பிடத்தக்கது. திசை நோக்கிய ஆன்டெனாக்களை உயரமான கோபுரங்களில் கட்டி, கருவிக்குள் உள்ள நிரலை நெடுந்தூரத்துக்கு ஏற்பத் திருத்தி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரை இணைப்பை நீட்டினார்கள். கிராமத்துப் பார்வை மையத்தில் உட்கார்ந்த கிழவி, தேனியில் இருக்கும் டாக்டரோடு முகம் பார்த்துப் பேசித் தன் கண்ணைக் காட்டினாள். மருத்துவமனையிலிருந்து மையத்துக்கு, அதாவது ஓர் உச்சியிலிருந்து மற்றோர் உச்சிக்கு, இம்முறை நன்றாகவே உழைத்தது.

ஆனால் உச்சியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் விஷயம் வேறாகிவிடுகிறது. மாந்தோப்புக்கும் தென்னைக்கும் நடுவில் பதுங்கியிருக்கும் ஓட்டு வீட்டை 2.4 கிகாஹெர்ட்ஸோ 5 கிகாஹெர்ட்ஸோ எளிதில் எட்டுவதில்லை. எட்டச் செய்ய வேண்டுமானால் வீட்டுக்கு வீடு கம்பம் நாட்ட வேண்டும், இல்லையேல் மரத்தை வெட்ட வேண்டும். அன்றியும், உரிமம் இல்லாத பட்டையில் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. ஒருவர் முதலீடு செய்து இணைப்புக் கொடுத்த மறுவருஷமே மற்றொருவர் அதே அலையில் வந்து இரைச்சல் செய்தால், யாரிடமும் முறையிட வழியில்லை. அந்த நிலையில் வங்கிக்காரர் கடன் கொடுப்பாரா என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய குழுவினரும் 1990-களில் உருவாக்கிய கோர்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறை இதற்கு மாறான அனுபவத்தைத் தருகிறது. 1880-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட மெகாஹெர்ட்ஸில் இயங்கிய அது, தொலைபேசியோடு நொடிக்கு 70 கிலோபிட் வரை இணையத்தையும் சுமந்து சென்றது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் அதைக்கொண்டு இணைய மையங்கள் திறக்கப்பட்டன. தாலுகா நகரத்தில் ஓர் உள்ளூர்ப் பங்காளி, கிராமத்தில் ஒரு மையக்காரர் என்று அவர்கள் வகுத்த ஏற்பாட்டில், இன்றும் நாம் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு: சிறு எல்லைக்குள் தொழில் செய்ய ஆட்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். கைப்பேசி வெள்ளம்போல் வந்தபோது அந்த மையங்கள் மங்கிப் போனது வேறு கதை. மும்பை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த அபய் கரந்திகரின் குழுவினர் மகாராஷ்டிரத்துப் பால்கர் மாவட்டத்தில் செய்த சோதனை இன்னும் நம் பொருளுக்கு நெருக்கமானது. தூரதர்ஷன் ஒன்றே தரைவழித் தொலைக்காட்சி நடத்தும் நம் நாட்டில், 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரை தொலைக்காட்சிக்கென்று ஒதுக்கிய பட்டையின் பெரும்பகுதி, பெரும்பாலான இடங்களில் வெறுமையாகவே இருக்கிறது என்பதை அளந்து காட்டி, அந்த வெற்றிடத்தின் வழியாகவே கிராமங்களுக்கு இணையம் கொண்டு சென்று மெய்ப்பித்தார்கள். 2017-ல் மோசில்லா அமைப்பின் பரிசும் அவர்களுக்குக் கிடைத்தது. பரிசு கிடைத்ததேயன்றி, அம்மாதிரி பரவுவதற்கு உரிய உரிமம் கிடைக்கவில்லை.

பிற நாடுகளில் என்ன செய்திருக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். அவர்களைப் பார்த்தொழுக வேண்டும் என்பதற்காக அன்று, இது சாத்தியமா என்ற ஐயத்தைப் போக்கிக்கொள்வதற்காக. பிரிட்டனில் ஆஃப்காம் என்னும் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் இரண்டு வகை உள்ளூர் உரிமங்களை ஏற்படுத்தியது. ஒன்று, குறிப்பிட்ட சில பட்டைகளில் யார் வேண்டுமானாலும் தம் சிற்றூருக்கு மட்டும் பெறக்கூடியது. கிராமப்புறத்தில் ஒரு நிலையத்துக்குப் பத்து மெகாஹெர்ட்ஸுக்கு ஆண்டுக் கட்டணம் 80 பவுன். மற்றொன்று, நம் விவாதத்துக்கு உயிர் போன்றது: ஏலத்தில் எடுத்த கைப்பேசிக் கம்பெனி ஓரிடத்தில் தன் அலைக்கற்றையைக் கையாளாமல் வைத்திருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் வேறொருவர் விண்ணப்பிக்கலாம். ஆணையம் அந்தக் கம்பெனியின் அபிப்பிராயத்தைக் கேட்கும். அங்கே தானும் சேவை தொடங்கப் போகிறது என்றோ, அருகில் உள்ள தன் சேவைக்கு இடையூறு நேரும் என்றோ கம்பெனி நியாயமான காரணம் காட்டினால் ஒழிய, விண்ணப்பித்தவருக்கு உரிமம் கிடைக்கும். சாதாரணமாக மூன்று ஆண்டுகளுக்கு. கட்டணம் ஒரேயொரு முறை 950 பவுன். கம்பெனி தன் உரிமையை இழக்கவில்லை; அது உறங்கிக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் மற்றொருவர் விழித்திருக்கிறார்.

அமெரிக்காவில் கடற்படையின் ராடார் இயங்கும் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை மூன்று அடுக்காக்கினார்கள். கடற்படைக்கு முதல் மரியாதை. ஏலத்தில் எடுத்தவருக்கு இரண்டாவது. இவ்விருவரும் இல்லாத இடத்திலும் வேளையிலும் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். யார் எங்கே எந்த அலையில் பேசலாம் என்பதைக் கணிப்பொறி ஒன்று கணந்தோறும் பங்கிட்டுக் கொடுக்கிறது. 2020-ல் நடந்த ஏலத்தில், நம் மாவட்டத்துக்கு ஒப்பான கவுண்டி என்னும் சிறு எல்லைகளாகவே உரிமங்களை விற்றார்கள். 228 பேர் வென்றார்கள். 458 கோடி டாலர் கஜானாவுக்கு வந்தது. சிறு துண்டாக்கினால் வருமானம் போய்விடும் என்று அஞ்சுபவர்கள் இந்தத் தொகையை இரண்டு முறை வாசித்துப் பார்க்கலாம். அதே ஆண்டில், ஆதிகுடியினர் தம் கிராமப்புற நிலங்களின்மேல் உள்ள 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைகளை ஏலத்துக்கு முன்பே தாமே கேட்டுப் பெறுவதற்கு ஒரு தவணையும் அங்கே அளிக்கப்பட்டது. மெக்சிகோவிலோ, வஹாகா மலைகளில் தலேயா தெ காஸ்த்ரோ என்னும் ஊரார் 2013-ல் தாமே கைப்பேசிச் சேவை தொடங்கிவிட்டார்கள். பெரிய கம்பெனிகள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்ட ஊர் அது. 2016-ல் அந்நாட்டு ஆணையம் ஆதிகுடிச் சமூகங்களின் சங்கத்துக்கு ஐந்து மாநிலங்களில் அலைக்கற்றையை ஒதுக்கி, நடந்துகொண்டிருந்ததைச் சட்டப்படியாக்கியது.

நமது சட்டம் என்ன சொல்கிறது? 1995-ல், கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்புவது யார் என்று எழுந்த ஒரு வழக்கில், வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012 பிப்ரவரியில், முறைகேடாக ஒதுக்கப்பட்டவை என்று 122 உரிமங்களை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. அன்று முதல் டில்லியில் உள்ள அதிகாரிகளுக்கு ஏலத்தைத் தவிர வேறெந்த வழியைப் பற்றிப் பேசினாலும் கை நடுக்கம். கோப்பில் கையெழுத்திட்டவர் நாளைக்குக் கூண்டில் நிற்கவேண்டுமோ என்ற அச்சம். அந்த அச்சத்தை நான் பரிகசிக்கவில்லை. அனுபவத்தில் பிறந்த அச்சம் அது. எனினும், அதே ஆண்டு செப்டம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட வினாவுக்கு விடையளித்த உச்ச நீதிமன்றம், இயற்கை வளங்களைப் பங்கிடுவதற்கு ஏலம் ஒன்றே வழியென்று அரசியல் சாசனம் விதிக்கவில்லை என்று தெளிவாய்ச் சொல்லியிருப்பதை நம் அதிகாரிகள் அவ்வளவாக நினைவு கூர்வதில்லை.

2023-ல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டம், 1885-ம் ஆண்டுத் தந்திச் சட்டத்துக்கும் 1933-ம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்துக்கும் பதிலாக வந்தது. அதன் ஏழாவது பிரிவு, முன்னமே ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட அலைக்கற்றையின் ஒரு பகுதியை, அவருடைய உபயோகத்துக்குக் கெடுதலான இடையூறு நேராவண்ணம், இரண்டாம் நிலையில் மற்றொருவருக்கு ஒதுக்குவதற்கு மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. தகுந்த காரணமின்றி உபயோகிக்காமல் வைத்திருக்கும் அலைக்கற்றையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இடம் தருகிறது. 2024 ஜூலையில் இப்பிரிவு அமலுக்கு வந்தது. தொழில்நுட்பக் காரணத்தாலோ பொருளாதாரக் காரணத்தாலோ ஏலம் பொருந்தாத இனங்களை, ஏலமின்றி ஒதுக்கத்தக்கவற்றின் அட்டவணையில் சேர்க்கவும் அச்சட்டத்தில் வழி இருக்கிறது. பதினைந்து வீட்டு மலையூரைக் காட்டிலும், பொருளாதாரக் காரணத்தால் ஏலம் பொருந்தாத இடத்துக்கு வேறு உதாரணம் வேண்டுமா? ஆதலால் பார்லிமெண்டு செய்யவேண்டியதைச் செய்துவிட்டது. ஒரு கேபிள்காரரும் ஓர் ஊராட்சித் தலைவரும் கையில் எடுத்துப் பூர்த்தி செய்யத்தக்க ஒரு படிவமாக அந்தப் பிரிவு மாறவேண்டும். என் விண்ணப்பமெல்லாம் அவ்வளவே.

கம்பெனிகள் இதை விரும்பமாட்டா. ஆயிரக்கணக்கான கோடி கொடுத்து வாங்கிய பொருளில் மற்றொருவருக்குப் பங்கு கொடுத்தால் அதன் மதிப்புக் குறையும் என்பது அவர்களுடைய வாதம். வாங்கிய பொருளை வாங்கிய இடத்தில் கையாளுகிற கம்பெனிக்கு இந்த ஏற்பாட்டால் ஒரு நஷ்டமும் இல்லை; கையாளாத இடத்தில் மதிப்பு என்று அவர்கள் சொல்வது, பிறர் கையாளாமல் தடுக்கும் சக்தியின் மதிப்பேயாகும். பொதுச் சொத்தை விற்கும்போது அந்தச் சக்தியையும் சேர்த்து விற்பதற்கு அரசுக்கு என்ன நியாயம் இருக்கிறது? கஜானாவுக்கு நஷ்டம் என்ற வாதத்துக்கோ 2024 ஜூன் மாதத்து ஏலமே பதில் சொல்கிறது. 96,238 கோடி ரூபாய் மதிப்பிட்டு வைத்த சரக்கில் 11,340 கோடி ரூபாய்க்குத்தான் கிராக்கி இருந்தது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிக்னலே எட்டாத 24,680 கிராமங்களுக்கு பி.எஸ்.என்.எல். மூலமாக நான்காம் தலைமுறைச் சேவை கொடுப்பதற்கு 2022-ல் 26,316 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய மந்திரி சபை ஏற்றது. அது நல்ல காரியம். ஆனால் ஊரில் ஒரு கோபுரம் எழுவது வேறு, வீட்டில் பிராட்பேண்ட் என்று சொல்லத்தக்க இணையம் வருவது வேறு. ஊரார் எல்லோரும் மாலையில் ஒரே கோபுரத்தின்மேல் சாயும்போது, படிக்கும் பிள்ளையின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். செயற்கைக்கோள் வந்துவிட்டால் இந்த வழக்கே தீர்ந்துவிடும் என்று நம்புவோரும் உண்டு. தனித்த சில இடங்களுக்கு அது அவசியமே; ஆயினும் கூலி வேலைக்குப் போகும் குடும்பம் ஒவ்வொன்றும் தன் கூரைமேல் ஒரு தட்டு வாங்கி வைக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை. பள்ளிக்கூடத்துக் கூரையில் ஒரு தட்டை வைத்து, அங்கிருந்து ஊருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது நடக்கக்கூடியது. பங்கிடுவதற்கு வேண்டுவது மறுபடியும் அந்த அலைக்கற்றைதான்.

சொல்லுக்கு உள்ளூர் உரிமம் கொடுக்க நாம் தயங்கவில்லை. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி பேசத் தொடங்கியது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’ ஒலித்து வருகிறது. காற்றும் கடலும் பற்றிய செய்தியைச் சொல்ல ஒரு தர்ம ஸ்தாபனத்தை நம்பி அலைவரிசை கொடுக்கலாமென்றால், அதே செய்தியின் படத்தை அனுப்ப ஓர் அலைவரிசை கொடுப்பதில் என்ன ஆபத்து என்பது எனக்கு விளங்கவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு வேண்டிய அங்கங்கள் பலவும் தயாராயிருக்கின்றன. 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழைக் கம்பி கொண்டு செல்வதற்கென்று தமிழ்நாடு கண்ணாடியிழை வலையமைப்பு நிறுவனம் என்றே ஒரு நிறுவனம் ஏற்பட்டிருக்கிறது. கம்பி ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து குக்கிராமத்துக்கு மேடு பள்ளங்களைக் கடந்து, வனத்துறையின் அனுமதிகளைக் கடந்து, கம்பி இழுப்பது செலவும் சிரமமும் மிகுந்தது. அந்தக் கடைசி ஐந்து கிலோமீட்டர்தான் அலைக்குரிய இடம். அதைச் செய்ய ஆட்களும் இருக்கிறார்கள்: எந்த வீட்டுக்கு எந்தப் பக்கம் ஜன்னல் என்பது வரை அறிந்த கேபிள்காரர்கள், இரவு பத்து மணிக்கு இணைப்புப் போனாலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வரக்கூடியவர்கள். அவர்களுள் பலர் இணைய உரிமம் பெற்றோ, பெற்றவரோடு சேர்ந்தோ நகரங்களில் கம்பிவழி இணையம் கொடுத்தும் வருகிறார்கள்.

வட்டத்துக்குப் பதிலாக ஒன்றியத்தை எல்லையாகக் கொள்ளலாம். தமிழ்நாட்டில் 388 ஒன்றியங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கம்பெனியும் தன் அலைக்கற்றைகளில் எதை எந்த ஒன்றியத்தில் இயக்குகிறது என்ற விவரத்தைத் தொலைத்தொடர்புத் துறை பகிரங்கமாக வெளியிடவேண்டும். இது இல்லாமல் மற்றெதுவும் இல்லை, ஏனெனில் தரிசு எது என்று தெரியாமல் யாரும் மனுப் போட முடியாது. விண்ணப்பம் வந்தால் கம்பெனி பதில் சொல்வதற்குத் தவணை குறிக்கவேண்டும். தவணைக்குள் பதில் இல்லையேல் சம்மதம் என்று கொள்ளவேண்டும். கம்பெனி பிற்பாடு அங்கே வர விரும்பினால் வரட்டும்; ஆனால் உள்ளூர்க்காரர் போட்ட முதலை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு, மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல், அவருக்கு உறுதி வேண்டும். கட்டணம் படிவத்துக்கான செலவை ஈடுகட்டினால் போதும். மலைக்கு ஒரு விகிதம், சமவெளிக்கு ஒரு விகிதம் என்று நுணுக்கம் பார்க்கத் தொடங்கினால் அதை முடிவு செய்யவே ஐந்து வருஷம் ஆகிவிடும்.

இதையெல்லாம் டில்லி தானாகவே செய்யட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. தமிழ்நாட்டுக் கண்ணாடியிழை நிறுவனம் ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவ்வாது மலை ஒன்றியத்தை எடுத்துக்கொண்டு, எந்த ஊரில் எந்த அலை பேசுகிறது, எது பேசவில்லை என்பதைக் கருவி கொண்டு அளந்து, வரைபடத்தோடு, ஏழாவது பிரிவின் கீழ் இரண்டாம் நிலை ஒதுக்கீடு கோரி முதல் மனுவைத் தொலைத்தொடர்புத் துறைக்கு அனுப்பலாம். ஏற்றுக்கொண்டால் மலைக்கு இணையம் வரும். மறுத்தால் மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். அந்தக் காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிடம் போகலாம், தொலைத்தொடர்புத் தகராறுத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம்.